குருத்தை விற்பவர்கள்

தன்னெதிர்ப்பு நோய்களைப் பற்றிச் சிற்றிதழ் ஒன்றில் வந்த கட்டுரையை நண்பர் வாசிக்கத் தந்தார். எழுதியவர் தேர்ந்த வாசகர் என்பது நடையிலேயே தெரிகிறது. அதனால்தான் கோபம் கூடுதலாக வருகிறது. கட்டுரையின் சாரத்தை இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். தன்னையே தாக்கும் உடல் என்பது தன்னை வெறுக்கக் கற்றுக்கொண்ட நவீன மனிதன் எழுதும் தன்வரலாறு. அதற்குரிய மருந்து, உடலின் ஆதித் தாய்மையாகிய குருத்தணுவிடம் திரும்பிச் செல்வது. நடுவில் எங்கள் ஊர் முத்துத்தாண்டவரும் சாட்சிக் கூண்டில் ஏற்றப்படுகிறார். தோல்நோயால் துன்புற்றவரை அம்பாள் ஓரிரவில் குணமாக்கினாள், இன்றைய விஞ்ஞானம் அதே அருளுக்குக் குருத்தணு என்று பெயர் வைத்திருக்கிறது என்று முடிக்கிறார்.

நான் சீர்காழிக்காரன். என் பெரியம்மாள் மகள், எனக்கு அக்காள், இந்த நோய்களில் ஒன்றோடு வாழ்கிறார். அந்தக் கட்டுரையில் வரும் அதே தாய்மையை ஒருவர் புட்டியில் அடைத்து அவருக்கு விற்றிருக்கிறார். ஆகவே இதை இலக்கிய விவாதமாக மட்டும் எடுத்துக்கொள்ள என்னால் இயலவில்லை.

2019 மார்கழியில் தொடங்கியது. விடியற்காலையில் தண்ணீரில் கைவைத்தால் விரல் நுனிகள் சுண்ணாம்பாய் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, அரைமணி கழித்து எரிச்சலோடு சிவக்கும். குளிர் என்றார்கள். இரத்த சோகை என்றார்கள். அடுத்த ஆண்டில் விரல்கள் வீங்கின, வீக்கம் வடிந்ததும் தோல் இறுகத் தொடங்கிற்று. மோதிரத்தை அறுத்து எடுக்க வேண்டியதாயிற்று. வாய் சிறுத்து, சோற்றுருண்டையை உள்ளே தள்ளுவது பாடாயிற்று. குஷ்டமோ என்று தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. ஒரு கல்யாணப் பந்தியில், "நீ உட்காரும்மா, நாங்க பரிமாறிக்கறோம்" என்று ஒருத்தி மிகுந்த அன்போடு அவர் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டாள். பெயர் தெரிய இரண்டரை ஆண்டுகள் ஆயின. சீர்காழி, மயிலாடுதுறை, சிதம்பரம் என்று அலைந்து, கடைசியில் பாண்டிச்சேரியில் சொன்னார்கள்: ஸ்க்ளீரோடெர்மா, தோல் இறுக்க நோய். தோலோடு நிற்காத வகை. நுரையீரலின் அடியில் வடு கட்டத் தொடங்கியிருந்தது.

தன்னை வெறுக்கும் நவீன மனிதனை நான் இந்தப் பெண்மணியிடம் தேடிப் பார்த்தேன். நாற்றங்காலுக்கும் அடுப்புக்கும் நடுவே ஐம்பது வயதைக் கடந்தவர். தன்னை வெறுக்க அவருக்கு ஓய்வே கிடைத்ததில்லை. நவீனத்தையும் விட்டுவிடலாம். 1753இல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் கார்லோ குர்சியோ, தோல் கட்டைபோல் இறுகிப்போன ஓர் இளம்பெண்ணைப் பற்றி விரிவாக எழுதி வைத்திருக்கிறார். அப்போது தொழிற்புரட்சியே சரியாகப் பிறக்கவில்லை. இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களைப் பல மடங்கு பீடிக்கிறது. கட்டுரையாளரின் தர்க்கப்படி பெண்கள் பல மடங்கு தன்வெறுப்புக் கொண்டவர்கள் என்று ஆகும். அதை எழுதத் துணிவாரா?

நோயை உருவகமாக்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி சூசன் சாண்டாக் 1978இலேயே ஒரு நூல் எழுதினார். நம்மில் பலர் அதை மேற்கோளாகவாவது அறிவோம். காசநோயாளிக்கு மென்மையான ஆன்மா, புற்றுநோயாளிக்கு அடக்கிவைத்த உணர்ச்சி என்று கதை கட்டுவது நோயாளியின் தலையில் நோயோடு குற்றத்தையும் ஏற்றுவது என்பது அவர் வாதம். அதே சாண்டாக் 2004இல் இரத்தப் புற்றுக்கு முந்தைய ஒரு நிலை கண்டு, சியாட்டில் சென்று எலும்பு மஜ்ஜை மாற்றுக்கு உட்பட்டார். அது பலனளிக்கவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 28இல் இறந்தார். தாய்மை, மறுபிறப்பு என்ற சொற்களைக் குருத்தணுவின் மேல் தூவுகிற இலக்கியவாதிகள் அவருடைய அந்தக் கடைசி மாதங்களைப் பற்றி அவர் மகன் டேவிட் ரீஃப் எழுதிய நூலைப் படித்துப் பார்க்கலாம். அதில் தாய்மை இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்காளுக்கு இந்தச் சிகிச்சையை நான் முதன்முதலில் விளக்கியபோது அவர் கேட்டது இது: "என் ரத்தத்தையே எடுத்து எனக்கே திருப்பிக் குடுத்தா நோய் எப்படிடா தம்பி போவும்?"

கட்டுரையாளர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டிருந்தால் கட்டுரையே எழுதியிருக்க மாட்டார். ஏனெனில் அதற்கான விடை, குருத்தணு நோயைப் போக்குவதில்லை என்பதுதான்.

போக்குவது அதற்கு முன்னால் நடக்கும் அழிவு. முதலில் சில நாட்கள் ஊசி போட்டு, எலும்பு மஜ்ஜையில் இருக்கும் இரத்தக் குருத்தணுக்களை இரத்த ஓட்டத்துக்குள் வரவழைக்கிறார்கள். இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுற்றவிட்டு அவற்றைப் பிரித்தெடுத்து, திரவ நைட்ரஜன் குளிரில் உறையவைக்கிறார்கள். அதன் பிறகு நோயாளிக்குப் பெரும் அளவில் சைக்ளோஃபாஸ்ஃபமைடு. கூடவே, முயலிலிருந்தோ குதிரையிலிருந்தோ பெறப்பட்ட, மனிதனின் எதிர்ப்பணுக்களைக் கொல்லும் புரதம். சில முறைகளில் உடல் முழுவதும் கதிர்வீச்சும் உண்டு. தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டு சொந்தத் தோலையும் நுரையீரலையும் அந்நியன் என்று தாக்கிக்கொண்டிருக்கும் டி அணுக்களும் பி அணுக்களும் இந்தக் கட்டத்தில்தான் பெருமளவு துடைத்தெறியப்படுகின்றன. அதற்கும் பிறகே உறைந்த பை உருக்கப்பட்டு, சொட்டுச் சொட்டாய் நரம்பில் ஏறுகிறது. நம் செய்தித்தாள்கள் இதை 'மாற்று அறுவை சிகிச்சை' என்று எழுதுகின்றன. கத்தியே கிடையாது. இரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பை, அவ்வளவுதான்.

அந்தப் பை செய்கிற வேலை, எதிர்ப்பே இல்லாமல் உடல் திறந்து கிடக்கும் நாட்களைச் சுருக்குவது. ஏறக்குறைய இரண்டு வாரங்களில் புதிய அணுக்கள் தலைகாட்டுகின்றன. பழைய பகை தெரியாத அந்த அணுக்கள் புதிதாகப் பாடம் கற்கின்றன. இம்முறை சரியாகக் கற்கும் என்பது நம்பிக்கை, பெரும்பாலும் பலிக்கிற நம்பிக்கை. சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளைக்கூட மறுபடி போட்டுக்கொள்ள வேண்டும், உடலின் நினைவு அத்தனை தூரம் அழிந்துபோகிறது. அந்த இரண்டு வாரங்களில் ஒரு சாதாரணக் கிருமி ஆளைக் கொல்லலாம். பிள்ளைப்பேற்றுக்கான வாய்ப்பு போய்விடலாம். பல ஆண்டுகள் கழித்து வேறொரு புற்றுநோய் வரலாம்.

அக்காளிடம் நான் வயலைக் காட்டித்தான் சொன்னேன். கோரை மண்டிய வயலை உழுது, தண்ணீர் கட்டி, சேடை கலக்கி, கோரைக்கிழங்கை அழுகவிட்டு, அப்புறம்தானே நடவு? உழாத வயலில் வரப்பில் நின்றபடி நாலு முடி நாற்றை வீசிவிட்டு வந்தால் நெல்லா விளையும், கோரையா விளையும்? உடனே புரிந்துகொண்டார். முதுகலை படித்த கட்டுரையாளருக்குப் புரியாதது அவருக்கு அரை நிமிடத்தில் புரிந்தது.

இங்கேதான் வியாபாரம் நுழைகிறது. அவர்கள் விற்பது வரப்பில் நின்று வீசும் நாற்று. தொப்புள்கொடியிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்ததாகச் சொல்லப்படும் வேறு வகை அணுக்களை ஊசியில் ஏற்றி, 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற அதே பெயரில் விற்கிறார்கள். உழவு கிடையாது, தனி அறை கிடையாது, காய்ச்சல் கிடையாது, முடிகூடக் கொட்டாது, அன்று மாலையே வீடு திரும்பலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது பெயர் மட்டும். மெய்யான சிகிச்சை பத்திருபது ஆண்டுப் பரிசோதனைகளால் சம்பாதித்த மரியாதையை இவர்கள் பெயரைக் கொண்டு திருடுகிறார்கள். 'ஆதித் தாய்மை' என்று எழுதுகிறவர் அந்தத் திருட்டுக்குக் கவித்துவமான ரசீது எழுதிக் கொடுக்கிறார்.

அந்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். முடக்குவாதமும் இரத்த நோயும் ஒருங்கே கொண்ட சிலருக்கு இரத்த நோய்க்காக மஜ்ஜை மாற்று செய்தபோது முடக்குவாதமும் அடங்கியதைக் கண்டதிலிருந்து இந்த எண்ணம் வலுப்பெற்றது. தொண்ணூறுகளின் நடுவில் தன்னெதிர்ப்பு நோய்களுக்கென்றே செய்யத் தொடங்கினார்கள். 1997இல் கிரேக்கத்தின் தெசலோனிக்கியில் இருந்து ஃபாசாஸ் குழுவினர் மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் நோயாளிகள் 15 பேரைப் பற்றி எழுதினார்கள். தோல் இறுக்க நோய்க்கு ஐரோப்பாவில் நடந்த பெரிய சோதனையின் முடிவு 2014இல் வெளிவந்தது. 156 நோயாளிகளில் 79 பேருக்குக் குருத்தணு மாற்று, 77 பேருக்கு மாதாமாதம் வழக்கமான மருந்து. முதல் ஆண்டில் மாற்று செய்துகொண்டவர்களில் 8 பேர் சிகிச்சையாலேயே இறந்தார்கள். பத்தில் ஒருவர். மருந்துக் குழுவில் அப்படி எவரும் இறக்கவில்லை. ஆனால் நான்கு ஆண்டு கழித்துக் கணக்கெடுத்தபோது தராசு மறுபக்கம் சாய்ந்தது. மரணம் அல்லது முக்கிய உறுப்புகளின் செயலிழப்பு மாற்றுக் குழுவில் 15 பேருக்கு, மருந்துக் குழுவில் 20 பேருக்கு. அமெரிக்காவில் 75 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2018இல் வந்தது. ஐம்பத்துநான்கு மாத இறுதியில் அத்தகைய கேடு ஏதுமின்றி உயிரோடு இருந்தவர்கள் மாற்றுக் குழுவில் நூற்றுக்கு 79, மற்றதில் 50. அங்கும் சிகிச்சையால் மரணம் உண்டு, முந்தையதைவிடக் குறைவு. மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸுக்கு 110 பேரிடம் நடந்து 2019இல் வெளியான சோதனையில் மாற்றுக் குழுவில் 3 பேருக்கே நோய் முற்றியது, மருந்துக் குழுவில் 34 பேருக்கு.

இந்த எண்களில் என்னை மிகவும் தைப்பது அந்த 8. தங்கள் கையால் இறந்தவர்களை எண்ணி, பத்திரிகையில் அச்சிட்டு, இத்தனை பேரை நாங்கள் இழந்தோம் என்று ஊரறியச் சொன்ன சிகிச்சை இது. ஊசி விற்பவரிடம் போய் உங்களிடம் எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேளுங்கள். எவரும் இல்லை என்பார். எத்தனை பேருக்குக் குணம் என்று கேளுங்கள். ஒரு காணொளியைக் காட்டுவார். அவரிடம் இறந்தவர்கள் இல்லாததற்குக் காரணம், அவரிடம் கணக்கே இல்லை.

இது ஏதோ அமெரிக்கச் சமாசாரம் என்று தள்ளிவிடவும் வழியில்லை. இந்தியாவில் முதல் எலும்பு மஜ்ஜை மாற்று 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் நடந்தது. நம் வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் மாமன் சாண்டி தலைமையில் 1986இல் தொடங்கியது. தலசீமியாவுக்கும் இரத்தப் புற்றுக்கும் அங்கே பிழைத்தவர்கள் ஏராளம். மெய்யான வேலை சீர்காழியிலிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில் நாற்பதாண்டுகளாக நடந்துவருகிறது. அதன் பெயரை வைத்துப் போலி வேலை எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்துக்கே வந்து சேர்ந்தது.

2022 நவம்பர் 11, 12 தேதிகளில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதை வாசகர்கள் செய்தியில் படித்திருக்கலாம். சம்பா மூழ்கிற்று. அந்தப் பருவம் கைவிட்டுப் போனவர்களில் அக்காள் குடும்பமும் ஒன்று. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், நகரத்திலிருந்து ஒரு மையத்தார் வந்து மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். மூட்டுவலி முதல் தன்னெதிர்ப்பு நோய் வரை என்று பதாகை. திரையில் ஒரு தென்னங்குருத்து விரிந்து மரமாகும் படம். வெள்ளைக் கோட்டு அணிந்தவர் 'மருந்தே வேண்டாம்' என்றார். அத்தான் கேட்ட ஒரே கேள்வி, பக்கவிளைவு உண்டா என்பது. இல்லை என்ற பதிலுக்குப் பின்னால் நான் சொன்ன வயல் உவமையெல்லாம் எடுபடவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பத்தில் ஒருவர் சாகலாம் என்று சொல்லும் உண்மைக்கும், யாருமே சாகமாட்டார்கள் என்று சொல்லும் பொய்க்கும் நடுவே, மனைவியை நேசிக்கிற ஒரு மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பான்? வெள்ளத்தால் விலை விழுந்திருந்த நேரத்தில் நாலு மா நிலம் போயிற்று. மூன்று ஊசிகள். பாண்டிச்சேரியில் கொடுத்த மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

பணம் போனதுகூடப் பெரிதல்ல. மெய்யான குருத்தணு மாற்றுக்கு ஒரு காலக்கெடு உண்டு. நோய் கடுமையாக இருக்க வேண்டும், ஆனால் இதயமும் நுரையீரலும் அந்த அழிவைத் தாங்கும் நிலையில் இருக்க வேண்டும். அக்காளின் அந்தக் காலக்கெடு ஊசிகளுக்கு இடையில் கழிந்தது. 2024இல் மஜ்ஜை மாற்று செய்யும் ஒரு பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது நுரையீரல் இரத்தக்குழாய்களில் அழுத்தம் ஏறியிருந்தது. அந்த மருத்துவர் படங்களை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஒன்றரை வருஷத்துக்கு முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். கடிந்து சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் காதில் இருக்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இரத்த நோய்களுக்கான இரத்தக் குருத்தணு மாற்றைத் தவிர்த்த மற்றக் குருத்தணுப் பயன்பாடுகளை அனுமதி பெற்ற மருத்துவச் சோதனைக்குள் மட்டுமே செய்யலாம் என்கின்றன. சோதனையில் சேரும் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்பது அதன் அடிப்படை அறம். குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்தை அதன் சொந்தப் பிற்காலத் தேவைக்கென்று வங்கியில் வைப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்றும் அதே நெறிகள் சொல்கின்றன. அந்த வியாபாரம் தனிக்கதை. 1954ஆம் ஆண்டின் மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில், குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்யக்கூடாத நோய்களுள் லூபஸின் பெயரே இருக்கிறது. எழுபதாண்டுச் சட்டம். மண்டபத்து வாசலில் பதாகை கட்டியவருக்கு அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

ஏழைக்கு நம்பிக்கையாவது வேண்டாமா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பக்கத்தில் நம்பிக்கைக்குப் பஞ்சமே கிடையாது. சீர்காழிக்கு அடுத்தாற்போல் வைத்தீசுவரன்கோயில். அக்காள் ஒவ்வொரு கிருத்திகைக்கும் போவார், சித்தாமிர்தக் குளத்தில் வெல்லம் கரைப்பார், சாந்துருண்டை வாங்கி வருவார். நான் அதைத் தடுத்ததில்லை. வைத்தியநாத சுவாமி அவரிடம் வாங்கியது உப்பும் மிளகும் வெல்லமும்தான். நிலத்தை எழுதி வாங்கவில்லை, மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. கோயில் வீதியில் நாடி பார்ப்பவர்கள்கூட ஓலையைப் பார்த்து ஜன்மக் கணக்குச் சொல்வதோடு நின்றுகொள்கிறார்கள், ஓலையை நரம்பில் ஏற்றுவதில்லை.

முத்துத்தாண்டவர் கதைக்கும் வருகிறேன். நோயால் குலத்தொழிலைச் செய்ய முடியாமல், சொந்தக்காரர்களாலும் ஒதுக்கப்பட்ட அவர் எங்கள் கோயில் வாகன அறைக்குள் சோர்ந்து கிடந்தார், கதவு பூட்டப்பட்டுவிட்டது, இரவில் அர்ச்சகர் வீட்டுச் சிறுமி வடிவில் அம்பாள் வந்தாள் என்பது ஐதீகம். கட்டுரையாளர் இதில் மருந்தைப் பார்க்கிறார். கதையில் அம்பாள் கொடுத்தது சோறு. எல்லாரும் விலகிப்போன ஒருவனுக்கு ஒரு குழந்தை பயமில்லாமல் பக்கத்தில் வந்து சோறு கொடுத்தது என்பதைத்தான் இந்தக் கதையை நானூறு ஆண்டுகளாகச் சொல்லிவரும் எங்கள் ஊர் நினைவில் வைத்திருக்கிறது. அதே ஊரில்தான் அக்காளின் கையிலிருந்து பரிமாறும் வாளி வாங்கப்பட்டது. இலக்கியவாதிக்கு இந்த நோயைப் பற்றி எழுத ஏதேனும் இருக்குமானால் அது அந்த வாளி. குருத்தணுவை மருத்துவர்களிடம் விட்டுவிடலாம்.

அவர்களும் இதோடு நின்றுவிடவில்லை. அழிவே மருந்து என்ற அதே சிந்தனையை இன்னும் நுணுக்கமாக்கி, நோயாளியின் டி அணுக்களையே மாற்றியமைத்து, பகைகொண்ட பி அணுக்களை மட்டும் தேடிக் கொல்லும்படி ஏவுகிறார்கள். ஜெர்மனியின் எர்லாங்கனில் இருந்து 2021இல் ஒரு லூபஸ் நோயாளியைப் பற்றி அறிக்கை வந்தது, 2024இல் 15 பேரைப் பற்றி வந்தது. அந்தப் பதினைந்தில் தோல் இறுக்க நோயாளிகள் 4 பேர். மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கிய இதே வகைச் சிகிச்சை 2023 அக்டோபரில் இந்தியாவில் சில இரத்தப் புற்றுகளுக்கு அனுமதி பெற்றது. நாளை இதன் பெயரையும் எவரேனும் மண்டபத்துப் பதாகையில் எழுதுவார். அன்றைக்கும் ஒரு சிற்றிதழ்க் கட்டுரை அதில் அர்ச்சுனனையோ கண்ணனையோ கண்டெடுக்கும்.

சென்ற தை மாதம் அக்காளைப் பார்க்கப் போயிருந்தேன். இரவில் ஆக்சிஜன் வைத்துக்கொள்கிறார். பகலில் திண்ணை வரை வருகிறார். சாமி மாடத்துக்குப் பக்கத்தில் அந்த மையத்தின் துண்டுப் பிரசுரங்கள் ஒரு கட்டாக இருந்தன, அதே தென்னங்குருத்துப் படத்தோடு. தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாண்டா தம்பி. பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு. ஒங்க அத்தான் பால் கணக்கு எழுதுறாரு" என்றார்.